சயாம் மன்னர் சுலலாங்கோர்ன்

ஆசியாக் கண்டத்தின் தென்கிழக்கே, ஐரோப்பியரின் ஆட்சிக்கொடி ஒரு நாளும் ஏறாத தேசம் ஒன்றே ஒன்று உண்டு. அது 1939-ஆம் ஆண்டில் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்ட சயாம் தேசமாகும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த ரயில் பாதையில் மலேயாத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்த கொடுமையினால், நம் மக்கள் அப்பெயரைத் துயரத்துடனேயே நினைவுகூர்வர். ஆனால் அத்தேசத்தின் வரலாற்றில் நாம் ஆராய்ந்து அறியவேண்டிய வேறொரு பகுதியும் உண்டு. மேற்கே பர்மாவையும் தெற்கே மலேயாவையும் ஆங்கிலேயர் விழுங்கினர். கிழக்கே அன்னாமையும் காம்போஜத்தையும் பிரெஞ்சுக்காரர் விழுங்கினர். நடுவில் நின்ற சயாம் மட்டும் எங்ஙனம் தப்பியது?

இரு வல்லரசுகளும் ஒன்றன்மேல் ஒன்று கொண்ட பொறாமையினால் அத்தேசத்தை இடையில் விட்டு வைத்தன என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. இவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியவேண்டின், 1868 முதல் 1910 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கு அரசு செலுத்திய சுலலாங்கோர்ன் மன்னரின் வாழ்க்கையை நோக்கவேண்டும்.

அவர் 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் மோங்குட் மன்னர், அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் பௌத்தத் துறவியாக வாழ்ந்தவர். ஐரோப்பிய மொழிகளும் வானநூலும் கற்றவர். 1855-ல் ஆங்கிலேயர் சர் ஜான் பௌரிங் என்பவரை அனுப்பி வர்த்தக உடன்படிக்கை ஒன்று கேட்டபொழுது, சீனம் மறுத்து அடைந்த கதியை அறிந்திருந்த மோங்குட் மன்னர் இணங்கினார். அவ்வுடன்படிக்கையின்படி இறக்குமதிப் பொருள்களின்மேல் நூற்றுக்கு மூன்றுக்குமேல் தீர்வை விதிக்கும் உரிமையைச் சயாம் இழந்தது. சயாமில் குற்றம் புரியும் பிரிட்டிஷ் பிரஜைகளை விசாரிக்கும் அதிகாரமும் பிரிட்டிஷ் கான்சலுக்குப் போயிற்று. பிற தேசங்களும் அடுத்தடுத்து வந்து அதே சலுகைகளைப் பெற்றுக்கொண்டன. தேசம் சுதந்திரமாகவே இருந்தது. ஆனால் அதன் சுங்கமும் நீதியும் அந்நியர் கையில் இருந்தன.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தாமே கணித்திருந்த மோங்குட், அதனைக் காணத் தெற்கே காட்டுப்பகுதிக்குச் சென்றார். கணக்குப் பொய்க்கவில்லை. ஆயினும் அங்குப் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அக்டோபர் 1-ஆம் தேதி உயிர் நீத்தார். உடன் சென்றிருந்த குமாரரும் அதே நோயால் படுக்கையில் கிடந்தார். பதினைந்து வயது நிரம்பிய அப்பிள்ளையே அரசரானார். அவர் வயது வரும்வரை புன்னாக் குடும்பத்தைச் சேர்ந்த மூத்த அமைச்சர் ஒருவர் ராஜப் பிரதிநிதியாக இருந்து ஆட்சியை நடத்தினார்.

அதிகாரம் கைக்கு வராத அந்த ஆண்டுகளை இளைய மன்னர் வீணாக்கவில்லை. 1871-ல் சிங்கப்பூருக்கும் ஜாவாவிற்கும் சென்று ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஆளும் முறையைக் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் புறப்பட்டு இந்தியாவிற்கும் வந்தார். கல்கத்தா, டெல்லி, ஆக்ரா, பம்பாய், காசி ஆகிய நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். வரவேற்ற வைஸ்ராய் மேயோ பிரபு, அப்பயணம் முடியுமுன்னரே அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்கு இரையானார். ரயில், தந்தி, ராணுவக் கொட்டடி, நீதிமன்றம் ஆகியவற்றை மன்னர் நுணுகி நோக்கினார். பட்டமும் பதக்கமும் தரித்து, பதினேழு பீரங்கி, பத்தொன்பது பீரங்கி என்று மரியாதை எண்ணிக்கொண்டு, அதிகாரத்தைப் பறிகொடுத்திருந்த நம் சமஸ்தானாதிபதிகள் நிறைந்த தேசமாகவும் அன்று இந்தியா இருந்தது. ஆசிய அரசன் ஒருவனுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டுவதில்லை.

1873-ல் அவர் மீண்டும் முடிசூடி முழு அதிகாரத்தையும் ஏற்றார். அரசர்முன் குப்புற விழுந்து வணங்கும் வழக்கத்தை அன்றே ஒழித்தார். அடுத்த ஆண்டில், தாம் பட்டமேறிய வருஷமுதல் அடிமைகளுக்குப் பிறந்த குழந்தைகள் இருபத்தொரு வயதில் விடுதலை பெறுவர் என்று சட்டம் செய்தார். வரிப்பணத்தைப் பிரபுக்களின் கையிலிருந்து மீட்டு ஒரே கஜானாவில் சேர்க்கவும் முற்பட்டார். பழைய பிரபுக்கள் இதனைப் பொறுப்பரோ? இரண்டாம் அரசர் என்னும் பதவியில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் தனிப் படை வைத்திருந்தார். 1874 டிசம்பரில் பூசல் முற்றவே, அவ்விரண்டாம் அரசர் பிரிட்டிஷ் கான்சலின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். சமரசம் செய்வதற்கென்று சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் கவர்னர் கப்பலில் வந்திறங்கினார். உயிர்ச்சேதமின்றி அந்நெருக்கடி தீர்ந்தது. ஆனால் அண்ணன் தம்பி சண்டை அந்நியனுக்கு வாயிற்கதவு என்பதை மன்னர் மறக்கவில்லை. பத்து ஆண்டுகள் சீர்திருத்தங்களை மெல்ல மெல்லவே நடத்தினார். 1885-ல் இரண்டாம் அரசர் இறந்ததும் அப்பதவியையே எடுத்துவிட்டார்.

இதற்கிடையில் வெளியே வலை நெருங்கிக்கொண்டிருந்தது. காம்போஜம் 1863-ல் பிரெஞ்சுப் பாதுகாப்பின்கீழ்ச் சென்றது. அதன்மேல் தனக்கிருந்த மேலாண்மையைச் சயாம் 1867-ல் கைவிட்டது. அன்னாம் சீனத்தின் துணையை நம்பியது. 1885-ல் சீனம் பின்வாங்க, பிரெஞ்சுக்காரரின் கை ஓங்கியது. பர்மாவின் தீபா மன்னர் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரான்ஸின் நட்பை நாடினார்; அதே 1885-ல் ஆங்கிலேயர் படையெடுத்து மண்டலேயைப் பிடித்து அவரை நம் நாட்டு ரத்தினகிரிக்கு நாடுகடத்தினர். அழைக்கப்பட்ட பிரான்ஸ் அசையவில்லை. ஒரு வல்லரசை மற்றொன்றுக்கு எதிராக அழைத்த இரண்டு அயல் ராஜ்யங்கள் ஒரே ஆண்டில் மறைந்ததைச் சுலலாங்கோர்ன் கண்ணெதிரே கண்டார்.

அவ்வாண்டில்தான் ஐரோப்பாவில் இருந்த சயாம் இளவரசர்களும் அதிகாரிகளுமாகப் பதினொருவர் கூடி, சட்டத்திற்குட்பட்ட முடியாட்சியை நிறுவுவதே தேசத்தைக் காக்கும் வழி என்று மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பினர். அபாயத்தை உணர்ந்திருப்பதாகக் கூறிய மன்னர், அதிகாரத்தைப் பங்கிடும் காலம் வரவில்லை என்று மறுத்துவிட்டார். ஆயினும் நிர்வாகத்தை மாற்றும் வேலை விரைவுபெற்றது. தம்பியார் தேவவங்ச இளவரசர் 1885-ல் வெளிநாட்டு அமைச்சரானார். அப்பொறுப்பை அவர் 1923 வரை வகித்தார். 1892-ல் பன்னிரண்டு இலாகாக்கள் கொண்ட புதிய மந்திரிசபை ஏற்பட்டது. மற்றொரு தம்பியாராகிய தம்ரோங் இளவரசர் உள்நாட்டு இலாகாவை ஏற்று, வமிசபரம்பரையாக மாகாணங்களை ஆண்டவர்களின் இடத்தில் சம்பளம் பெறும் அதிகாரிகளை அமர்த்தலானார். இவ்வேலை தொடங்கிய மறு ஆண்டிலேயே இடி விழுந்தது.

மீகாங் நதிக்கு இடப்புறத்திலுள்ள லாவோஸ் நிலப்பகுதிகள் சயாமுக்குக் கப்பம் கட்டிவந்தவை. அவை முன்னொரு காலத்தில் அன்னாமுக்கு உரியவை என்றும், அன்னாம் இப்பொழுது தமதாகையால் அவையும் தமவே என்றும் பிரெஞ்சுக்காரர் வாதித்தனர். பழைய அரசுகளுக்கு எல்லைக்கோடு என்பது இல்லை. ஒரே சிற்றரசன் இரண்டு பேரரசர்க்கும் கப்பம் அனுப்புவதுண்டு. அவ்வழக்கத்தை ஐரோப்பியச் சட்டத்தால் அளந்தால் வலியவன் சொன்னதே எல்லையாகும். 1893-ல் பிரெஞ்சுப் படைகள் நதியை நோக்கி நகர்ந்தன. கைகலப்பில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதனையே காரணமாகக் கொண்டு ஜூலை 13-ஆம் தேதி மாலை ‘இன்கான்ஸ்டன்ட்’, ‘கோமெத்’ என்னும் இரண்டு பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் சயாமின் அனுமதியின்றி மேனாம் நதியின் முகத்துவாரத்தில் நுழைந்தன.

அங்கே பாக்னாம் என்னுமிடத்தில் மன்னர் பெயரால் புதிதாக எழுப்பிய கோட்டை இருந்தது. இங்கிலாந்திலிருந்து வாங்கிய ஆறங்குலப் பீரங்கிகள் ஏழு அதில் வைக்கப்பட்டிருந்தன. பீரங்கிகள் புதியவை, அவற்றை இயக்கியோர் போதிய பயிற்சி பெறாதவர். அரைமணி நேரத்திற்குள் பிரெஞ்சுப் படகுகள் குண்டுமழையைக் கடந்து மேலேறி, பாங்காக் நகரில் பிரெஞ்சு ஸ்தானிகர் இல்லத்தின் எதிரே நங்கூரம் பாய்ச்சின. அரண்மனை அவற்றின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. விலைகொடுத்து வாங்கிய ஆயுதம் ஒரு தேசத்திற்குப் பலமாகிவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையோ?

ஒரு வாரத்தில் பிரான்ஸ் இறுதி எச்சரிக்கை விடுத்தது. மீகாங் நதியின் இடக்கரை முழுவதையும் விட்டுவிடவேண்டும்; முப்பது லட்சம் பிராங்கு நஷ்டஈடு தரவேண்டும்; சண்டையிட்ட அதிகாரிகளைத் தண்டிக்கவேண்டும். மன்னரும் தேவவங்சரும் லண்டனை நோக்கினர். சயாமின் வெளிநாட்டு வர்த்தகத்தில் பெரும்பங்கு ஆங்கிலேயர் கையில் இருந்ததாலும், இந்தியாவின் எல்லை வரை பிரான்ஸ் வந்துவிடுவதை அவர்கள் விரும்பமாட்டார் என்பதாலும், இங்கிலாந்து கைகொடுக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்கள் பாங்காக்கிலேயே நின்றன. ஆனால் அவை பிரிட்டிஷ் பிரஜைகளின் உயிரையும் உடைமையையும் காக்க வந்தவையே. வெளிநாட்டு மந்திரி ரோஸ்பரி பிரபு, பிரான்ஸ் கேட்பதைக் கொடுத்து விரைவில் சமாதானம் செய்துகொள்ளுமாறு புத்தி கூறினார். பிரெஞ்சுக் கடற்படை துறைமுகத்தை முற்றுகையிட்டது. சயாம் பணிந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இன்றைய லாவோஸ் தேசத்தின் பெரும்பகுதி அன்று கைமாறியது. நதியின் வலக்கரையிலும் இருபத்தைந்து கிலோமீட்டர் அகலத்திற்குச் சயாம் படை வைக்கக்கூடாதென விதிக்கப்பட்டது. பிணையாகச் சந்தபுரி நகரத்தைப் பிரெஞ்சுப் படை பிடித்துக்கொண்டு பதினொரு ஆண்டுகள் விடவில்லை.

அவமானம் அத்துடன் நிற்கவில்லை. எல்லையில் சண்டையிட்ட பிரா யோட் என்னும் அதிகாரியைச் சயாம் நீதிமன்றம் 1894-ல் விசாரித்து, தம் கடமையையே செய்தார் என்று விடுவித்தது. பிரான்ஸ் அதனை ஏற்கவில்லை. பிரெஞ்சு நீதிபதிகள் பெரும்பான்மையாக இருந்த கலப்பு நீதிமன்றம் ஒன்று அதே நகரில் கூடி, அவருக்கு இருபது ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. தம் ஆணையை நிறைவேற்றியவரைத் தம்மால் காக்கமுடியாத மன்னரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் நோய்வாய்ப்பட்டார், மாதக்கணக்கில் படுக்கையைவிட்டு எழவில்லை, மரணத்தையே விரும்பினார். தம்பியார் தம்ரோங் முதலியோர் தேற்றியே அவரை மீண்டும் அரசியலுக்குக் கொணர்ந்தனர்.

எழுந்தபின் அவர் மேற்கொண்ட கொள்கை முன்னையதினும் தெளிவானது. ஒரு வல்லரசை மட்டும் நம்பலாகாது. எல்லா வல்லரசுகளுக்கும் சயாமின் வாழ்வில் ஏதேனும் ஓர் அக்கறை இருக்கவேண்டும். ஒன்றுக்கும் மிகுதியான பிடி இருத்தலாகாது. இக்கொள்கையின்படி அரசாங்க ஆலோசகர்கள் பல தேசங்களிலிருந்தும் வந்தனர். சட்டத்திற்குத் தலைமை ஆலோசகர் பெல்ஜியத்தின் ரோலின்-ஜாக்மின்ஸ், கடற்படைக்கு டென்மார்க்கின் ரிஷ்லியூ, ரயிலுக்கு ஜெர்மானியர், நிதிக்கு ஆங்கிலேயர். பின்னர் அமெரிக்கர் ஸ்ட்ரோபெல் தலைமை ஆலோசகரானார். மன்னர் தம் குமாரர்களையும் இங்கிலாந்து, ஜெர்மனி, டென்மார்க், ருஷியா என்று பல நாடுகளுக்கு அனுப்பிப் படைக்கலப் பயிற்சியும் கல்வியும் பெறச் செய்தார்.

அதே சமயத்தில் வல்லரசுகளின் போட்டியும் ஒரு வாய்ப்பை அளித்தது. 1895-ல் மேல் மீகாங்கில் மூவாங் சிங் என்னும் சின்னஞ்சிறு மலைநாட்டை யார் கொள்வது என்பதில் இங்கிலாந்தும் பிரான்ஸும் போர் முனைக்கே வந்தன. இந்த மலைக்காட்டிற்காக ஐரோப்பாவில் யுத்தம் செய்வதா என்று இரு நாட்டாரும் சிந்தித்து, 1896 ஜனவரி 15-ஆம் தேதி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மேனாம் நதியின் பாய்ச்சல் நிலத்திற்குள் இருவரும் மற்றவர் சம்மதமின்றிப் படையனுப்புவதில்லை என்பது அதன் சாரம். சயாமின் உயிர்நிலைக்கு இதனால் காவல் ஏற்பட்டது உண்மை. ஆனால் உடன்பாடு செய்தவர் இருவரும் சயாமைக் கேட்கவில்லை. வடகிழக்கே கோராட் மேட்டுநிலமும், தெற்கே மலாய்த் தீபகற்பமும் அக்காவலுக்கு வெளியே விடப்பட்டன. இருவர் ஒப்பி ஒரு வீட்டின் நடுக்கூடத்தைத் தொடோம் என்றால், தாழ்வாரங்களை என் செய்ய எண்ணினர் என்பது விளங்காமற் போகுமா?

மன்னர் அதனை நன்கு உணர்ந்தார். 1897 ஏப்ரலில், மகாராணி சாவோபாவை ராஜப் பிரதிநிதியாக வைத்துவிட்டு ஐரோப்பாவிற்குப் புறப்பட்டார். சயாம் அரசர் ஒருவர் அக்கண்டத்தில் அடிவைத்தது அதுவே முதல் தடவை. அப்பயணத்தில் அவருடைய மதிநுட்பம் வெளிப்பட்ட இடம் ருஷியா. ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ், இளவரசராக 1891-ல் பாங்காக்குக்கு வந்து மன்னரின் விருந்தினராக இருந்தவர். அன்றியும் ருஷியா பிரான்ஸின் நேச நாடு. பகைவனின் பகைவனை நாடிய தீபா மன்னர் அழிந்தார். சுலலாங்கோர்ன் பகைவனின் நண்பனை நாடினார். சக்கரவர்த்தியும் சயாம் மன்னரும் சரிசமமாக அமர்ந்த புகைப்படம் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அதன்பின் பாரிஸ் நகருக்கு வந்தவரைப் பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் உரிய மரியாதையின்றி வரவேற்றல் இயலுமா? அப்பயணத்தால் ஓர் அங்குல நிலமும் மீளவில்லை. ஆயினும் சயாம் நாகரிக அரசுகளுள் ஒன்று, பங்கிட்டுக்கொள்ளத்தக்க காடன்று என்னும் எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது.

இச்சமநிலை நிலைத்து நின்றதா? 1904 ஏப்ரலில் இங்கிலாந்தும் பிரான்ஸும் தம் பழம்பகையை மறந்து நேசம் பூண்டன. அந்த நேசத்தின் பத்திரங்களில் ஒன்று சயாமைப் பற்றியது. மேனாம் நதிக்கு மேற்கே இங்கிலாந்தின் செல்வாக்கு, கிழக்கே பிரான்ஸின் செல்வாக்கு என்று அது பிரித்தது. போட்டி தணியும்தோறும் சயாமின் விலை ஏறிற்று. 1904-ல் மீகாங்கின் வலக்கரையில் சில பகுதிகள் போயின. 1907-ல் பட்டம்பாங், சீயம்ரீப், சிசோபோன் என்னும் மூன்று மாகாணங்கள், அங்கோர் கோயிலுடன் போயின. 1909-ல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு என்னும் நான்கு மலாய் ராஜ்யங்களின் மேலுரிமை இங்கிலாந்துக்குப் போயிற்று. இவற்றுள் கெடா, சோழர் கல்வெட்டுக்களில் கடாரம் என வழங்கும் நாடே என்பது வாசகர் அறிந்தது.

ஆனால் 1893-ஆம் ஆண்டுக்கும் 1909-ஆம் ஆண்டுக்கும் வேற்றுமை உண்டு. முன்னையதில் சயாம் கொள்ளைகொடுத்தது; பின்னையவற்றில் விலை பேசியது. 1907-ல் துராட் மாகாணம் திரும்பிற்று. பிரான்ஸின் ஆசியப் பிரஜைகள்மேல் சயாம் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் வந்தது. 1909-ல் பிரிட்டிஷ் பிரஜைகள் வழக்கிலும் அவ்வழி திறந்தது. தெற்கே ரயில் போட நாற்பது லட்சம் பவுன் கடனும் கிடைத்தது. ஆள இயலாத தொலைநிலத்தைக் கொடுத்து, ஆளும் நிலத்தில் இழந்த நீதியதிகாரத்தை மீட்கும் வியாபாரமாக அது இருந்தது. அவ்வாறு பேரம் பேசுவதற்குச் சட்டநூல்களும், நீதிபதிகளும், வரவுசெலவுக் கணக்கும் தேவை. பதினைந்து ஆண்டு உழைப்பினால் அவை அங்கு இருந்தன. 1905-ல் அடிமை முறை முற்றும் ஒழிந்தது. அதே ஆண்டில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டமும் வந்தது.

இவ்விடத்தில் நாம் நடுநிலை தவறலாகாது. கைமாறிய நாடுகளின் மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரான்ஸும் கேட்கவில்லை, சயாமும் கேட்கவில்லை. அன்னியரிடமிருந்து தப்புவதற்காகத் தேசத்தை இறுக்கிக் கட்டிய மன்னர், தமக்குட்பட்டிருந்த சிற்றரசுகளின் உரிமையை அதே முறையில் ஒடுக்கினார். வடக்கே சியங்மாய் அரசர்கள் பெயரளவினரானார்கள். 1902-ல் பட்டாணி நாட்டு மலாய் அரசர் சிறைப்பட்டார். அவ்வாண்டில் பிரே நகரில் எழுந்த கலகமும், வடகிழக்கில் ஏழை மக்கள் எழுப்பிய கிளர்ச்சியும் துப்பாக்கியால் அடங்கின. 1909-ல் வரைந்த எல்லை பட்டாணியைச் சயாமுக்குள்ளேயே விட்டது. அங்குள்ள மலாய் மக்களின் மனக்குறை ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆறவில்லை. 1904-ஆம் வருஷ உடன்படிக்கையின்படி எல்லை வகுத்தபொழுது பிரெஞ்சு அதிகாரிகள் எழுதிய படத்தால் பிரே விகார் கோயில் காம்போஜத்தின் பக்கம் விழுந்தது. 1962-ல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், 2025-ல் அவ்வெல்லையில் இரு நாட்டுப் பீரங்கிகளும் முழங்கின. வல்லரசுகள் மேஜைமேல் இழுத்த கோடுகளுக்கு, அவை விலகிப்போன பின்னரும் எளிய மக்களே உயிரால் வட்டி கட்டுகின்றனர்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, ஐம்பத்தேழாம் வயதில் சுலலாங்கோர்ன் காலமானார். அந்நாளை அத்தேசத்தார் இன்றும் விடுமுறை நாளாகக் கொண்டாடி அவர் சிலைக்கு மாலையிடுகின்றனர். சுங்க உரிமையும் நீதியதிகாரமும் முழுமையாகத் திரும்ப 1930-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் காலம் வரவில்லை என்று தள்ளிவைத்த அரசியல் சட்டத்தை, 1932-ல் ராணுவத்தாரும் அதிகாரிகளும் அவர் குமாரரிடமிருந்து வலிந்து பெற்றனர். மக்களுக்குப் பங்களிக்காமல் கட்டிய வலிய அரசாங்கம், பிற்காலத்தில் படைத்தலைவர் கைக்கு எளிதிற் போயிற்று. அதுவும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு பகுதியே.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? வல்லரசுகளின் சமநிலை என்பது சிறு தேசங்களைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. வல்லரசுகள் தம்முள் போரிடாதிருப்பதற்காக ஏற்பட்டது. அவை முரண்படும்போது இடையில் நிற்பவனுக்குச் சிறிது மூச்சுவிட நேரம் கிடைக்கும். அவை கைகுலுக்கும்போது அவனுடைய நிலமே கைக்கூலியாகும். அந்தச் சிறிது நேரத்தை ஒரு தேசம் எவ்வாறு செலவிடுகிறது என்பதிலேதான் அதன் விதி அடங்கியிருக்கிறது. தீபா மன்னர் அதனை மற்றொருவர் துணையை எதிர்நோக்கிக் கழித்தார். சுலலாங்கோர்ன் நீதிமன்றமும் பள்ளியும் கணக்கும் படையும் அமைப்பதில் கழித்தார். இன்றும் பெரிய அரசுகள் சிறிய அரசுகளுக்குப் பாதுகாப்பு வாக்குறுதி வழங்குகின்றன. அவற்றை ஏற்குமுன், 1893 ஜூலையில் பாங்காக் துறையில் சும்மா நின்ற அந்தப் பிரிட்டிஷ் கப்பல்களைச் சிறிய தேசத்தார் ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.